கயிறும் ஆணியும்: பழவேற்காட்டுக் கரையில் உலோகம் படகேறிய வரலாறு

சென்னையிலிருந்து கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, தமிழ்நாட்டின் எல்லையைக் கடப்பதற்குச் சற்று முன்னதாக, கும்மிடிப்பூண்டி வட்டத்து எளாவூரைத் தொடுகிறது. அவ்வூருக்குக் கிழக்கே, வயல்களையும் உவர்நிலத்தையும் தாண்டி, பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர்க் காயல் இதுவேயாகும். ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்திட்டு இதனை வங்கக் கடலிலிருந்து பிரிக்க, தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி, சொர்ணமுகி ஆறுகளும் இதற்கு நன்னீர் கொணர்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏறத்தாழ நன்னீராகிவிடும் இந்த நீர், கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடலின் வரத்து குறைந்தபின், கடலைவிடவும் உப்பு மிகுந்ததாக மாறுகிறது. மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்து மீன்பிடி இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் வழக்கத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் பின்னணியாக இருப்பதைப் பலர் எழுதியுள்ளனர். அதே ஏற்ற இறக்கம் படகில் எந்த உலோகம் எத்தனை காலம் தாங்கும் என்பதையும் தீர்மானித்து வந்திருக்கிறது என்பது அரிதாகவே பேசப்படுகிறது.

இக்கரையின் படகுத் தொழில் நெடுங்காலம் உலோகத்தை ஏறக்குறைய விலக்கியே வளர்ந்தது. கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்திவிட்டு, மறுமுறை புறப்படும்போது மீண்டும் கட்டிக்கொள்வது வழக்கம். பெரிய வலை இழுப்பதற்கும், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கையும் பயணிகளையும் அலை கடந்து கரை சேர்ப்பதற்கும் உதவிய மசூலாப் படகோ பலகைகளால் ஆனது. ஆயினும் அப்பலகைகள் விளிம்போரம் துளையிடப்பட்டு, இடையில் நார் அடைப்பு வைக்கப்பட்டு, தென்னங்கயிற்றால் ஒன்றோடொன்று தைக்கப்பட்டன. உள்ளே விலாச்சட்டம் இல்லை, ஓர் ஆணியும் இல்லை. சென்னையில் துறைமுகம் எழுவதற்கு முன்பு, ஆளுநர் முதல் கடைநிலைச் சிப்பாய் வரை, கப்பலில் வந்திறங்கிய ஒவ்வொருவரும் இந்தத் தைத்த படகில் ஏறியே கரை கண்டனர். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் இப்படகுகளை நுணுக்கமாகப் பதிவு செய்துள்ளார்.

ஆணியின்றிக் கலம் கட்டும் இவ்வழக்கம் அயலாரை வெகுகாலம் வியப்பில் ஆழ்த்தியது. இந்தியக் கடலில் இரும்பை இழுக்கும் காந்தப் பாறைகள் உண்டென்றும், அவற்றுக்கு அஞ்சியே இந்தியர் ஆணி அடிப்பதில்லை என்றும் ஒரு கதை மேற்கே வழங்கியது. 6ஆம் நூற்றாண்டின் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் அக்கதையை மறுத்தார். செங்கடலில் செல்லும் ரோமரின் கலங்களில் இரும்பு நிறைந்திருந்தும் அவற்றுக்கு எதுவும் நேர்வதில்லையே என்று அவர் காட்டியது சரியான வாதம். ஆனால் அதற்கு மாற்றாக, இந்தியரிடம் இரும்பே இல்லை என்று அவர் சொன்ன காரணம் பொருந்தாது. கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உலைகளும், ஆதிச்சநல்லூரின் இரும்புக் கருவிகளும், உலகச் சந்தையில் பெயர் பெற்ற தென்னிந்திய எஃகும் இந்நிலத்தில் இரும்புக்குக் குறைவிருந்ததில்லை என்பதைத் தெளிவாக்குகின்றன. இரும்பை நன்கு அறிந்திருந்தும் படகில் அதனைத் தவிர்த்தவர்கள் இக்கரையினர் என்று கொள்வதே தகும்.

அதற்கான காரணங்களில் முதலாவது அலை. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. படகு உடைந்து மடியும் அலைகளின் ஊடே சென்று மணலில் மோதி நின்றாக வேண்டும். ஆணியால் இறுகிய உடல் அந்த மோதலில் பிளக்கும். தைத்த உடல் வளைந்து கொடுக்கும். இரண்டாவது காரணம் அவ்வளவாக வெளியில் தெரியாதது. உப்புநீரில் ஊறிய பலகையில் அறைந்த இரும்பாணி தான் துருப்பதோடு நிற்பதில்லை. ஆணியின் ஒரு பகுதிக்கு உயிர்வளி மிகுதியாகவும் இன்னொரு பகுதிக்குக் குறைவாகவும் கிடைப்பதால், ஒரே ஆணியின் இரு முனைகளுக்கிடையில் சிறு மின்னோட்டம் எழுகிறது. அதன் விளைவாக ஒருபுறம் இரும்பு கரைய, மறுபுறம் காரப்பொருள் உருவாகிச் சுற்றியுள்ள மரத்தின் நாரைக் கூழாக்கிவிடுகிறது. ஆணி தளர்ந்து, துளை பெருகி, நீர் கசியத் தொடங்கிய பிறகு அதே துளையில் புதிய ஆணி நிற்காது. கயிற்றுத் தையலில் இந்தத் தொல்லை அறவே இல்லை. கயிறு நைந்தால் அறுத்தெறிந்து, படகோட்டிகளே மீண்டும் தைத்துவிடலாம்; கொல்லரின் உலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆணி அறைந்த பெருங்கலங்கள் பழவேற்காட்டை நெருங்குவது டச்சுக்காரரின் வருகையோடு பெருகியது. 1610இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் இசைவு பெற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது. 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடம் மாறும்வரை சோழமண்டலக் கரையில் அக்கம்பெனியின் நிர்வாகமும் வெடிமருந்து உற்பத்தியும் இங்கிருந்தே நடந்தன. அக்காலக் கம்பெனிக் கப்பல்களின் அடிப்புறம் கப்பற்புழு என்னும் துளைக்கும் உயிரிக்கு இரையாகாமலிருக்க, மெல்லிய பைன் பலகையால் மேலுறை போர்த்தி, அதன்மேல் அகன்ற தலையுடைய இரும்பாணிகளை நெருக்கி அறைந்தனர். 1629இல் ஆஸ்திரேலியக் கரையருகே மூழ்கிய பத்தாவியா கப்பலின் எச்சத்தில் இதனை இன்றும் காணலாம். ஆணித் தலைகள் துருத்து, அத்துருவே பலகையில் பரவிப் புழுவைத் தடுக்கும் மேலோடாக நின்றது. இங்கு துரு பகையாகக் கருதப்படவில்லை, அதுவே காப்பாக்கப்பட்டது. இத்தகைய கப்பல்களைச் செப்பனிட வேண்டிய ஆணி, பூட்டு, நங்கூரம் ஆகியவற்றுக்குச் சோழமண்டலக் கரையில் வடக்கே பார்க்க வேண்டியிருந்தது. கோதாவரிக் கழிமுகத்து நரசாப்பூரில் மரமும் இரும்பும் தேர்ந்த கொல்லரும் ஒருங்கே கிடைத்ததால் ஐரோப்பிய வணிகர்கள் அங்கே கப்பல் கட்டிக்கொண்டதை 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில வணிகர் தாமஸ் பவுரி எழுதி வைத்திருக்கிறார். பழவேற்காட்டில் கப்பல் தொலைவில் நின்றது; கரைக்கும் அதற்கும் இடையே ஓடியவை கயிற்றால் தைத்த படகுகளே. இவ்வாறு இரு தொழில்நுட்பங்கள் ஒரே நீரில் பல தலைமுறைகளாக அருகருகே இயங்கின.

அலையில்லாத காயலிலும் கால்வாயிலும் நிலைமை வேறு. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கப்பட்டுப் பின்னர் பழவேற்காடு ஏரி வழியே வடக்கே நீட்டப்பட்ட கால்வாய், 1876-78 பெரும்பஞ்ச நிவாரணப் பணிகளின்போது விரிவாக்கப்பட்டு, ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. உப்பும் விறகும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் சென்னைக்குச் சுமந்த தட்டையடிப் படகுகள் அதில் ஓடின. மோதும் அலையில்லாத நீரில் வளைந்துகொடுக்கும் தையலுக்கு அவசியமில்லை. பளுவைத் தாங்கும் விறைப்பே தேவை. எனவே இப்படகுகளில் விலாச்சட்டமும் இரும்பாணியும் இடம்பெற்றன. பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசை பூசும் கலப்பற்று வேலையும் வந்தது. உலோகத்தால் ஆன படகுக் கருவிகளை ஊர்க் கொல்லர் செப்பனிடும் வழக்கம் இக்கரையில் வேரூன்றியது இங்கேதான் எனலாம். ஆயினும் இங்கு உலோகம் ஒன்றே ஒன்று, இரும்பு. துருத்தி ஊதி வெண்சூடேற்றிய இரு துண்டுகளைச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவது கொல்லருக்குக் கைவந்த கலை. இரும்போடு இரும்பு சேர்வதில் சிக்கல் இல்லை. சிக்கல் இரண்டாவது உலோகம் படகேறியபோது தொடங்கியது.

அச்சிக்கலை உலகம் தெளிவாகக் கண்டது பிரித்தானியக் கடற்படையின் ஒரு கப்பலில். 1761இல் அலார்ம் என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்துக்குச் செம்புத் தகடு போர்த்தினர். புழுவும் பாசியும் அண்டவில்லை. இரண்டாண்டுக்குப் பின் 1763இல் கப்பலைத் தளத்தில் ஏற்றிப் பார்த்தபோது, தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல கரைந்து கூழாகியிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் ஆணிக்கும் செம்புக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் ஆணி நலமாக இருந்தது. இருவேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அவற்றுக்கிடையே மின்கலம் ஒன்று உருவாகிறது. எளிதில் மின்னணுவை இழக்கும் உலோகம் கரைய, மற்றது அதன் செலவில் பிழைக்கிறது. வோல்ட்டா தம் மின்கல அடுக்கை 1800இல் அறிவிப்பதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு முன்பே கடற்படை இந்த உண்மையைத் தன் கப்பலின் அடியில் சந்தித்தது; அதற்கு விளக்கம் சொல்லத்தான் எவராலும் இயலவில்லை. கிடைத்த தீர்வு இரும்பைக் கைவிடுவது: 1780களில் கெட்டிப்படுத்திய செம்பு ஆணிகள் வழக்கத்துக்கு வந்தன.

இதன் அடுத்த கட்டம் தென்னிந்தியாவோடு நேரடித் தொடர்புடையது. 1822ஆம் ஆண்டின் முதல் நாளன்று கொச்சியில் தேக்குமரத்தால் கட்டி நீரில் இறக்கப்பட்ட சமராங் என்னும் கப்பல், 1824இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. செம்பைக் காக்க இரும்பைப் பலியிடலாம் என்பது அவர் கருத்து. செம்புப் பரப்போடு ஒப்பிட மிகச் சிறிய அளவினதான வார்ப்பிரும்புத் துண்டுகளைக் கப்பலின் அடியில் பொருத்தினர். கப்பல் வட அமெரிக்காவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்று 1825இல் திரும்பியபோது செம்பு கரையாமல் இருந்தது. ஆனால் கரையாத செம்பிலிருந்து நஞ்சு கசியாததால், அதன்மேல் பாசியும் சிப்பியும் அடர்ந்து ஒட்டியிருந்தன. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. கொச்சியில் பிறந்த ஒரு தேக்குக் கப்பல் மூலம் நிறுவப்பட்ட இவ்வுண்மை, ஒன்றைக் காக்க மலிவான மற்றொன்றைக் கரையவிடுதல் என்னும் வடிவில், இன்று உலகின் பல கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பழவேற்காட்டு மீனவருக்கு இப்பிரச்சினை விசைப்படகோடு வந்தது. 1950களில் இந்தோ-நார்வேத் திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இயந்திரமயம், சென்னை மாநிலத்தின் அரசுப் படகுத் தளங்கள் வழியே சோழமண்டலக் கரைக்கும் பரவியது. விசைப்படகு என்பது உலோகங்களின் கூட்டம். இயந்திரத்தின் உடல் வார்ப்பிரும்பு. நீருக்குள் சுழலும் விசிறி வெண்கலம் அல்லது பித்தளை. அவ்விரண்டையும் இணைக்கும் சாஃப்ட் என்னும் சுழல்தண்டு எஃகு. சுக்கானின் கீல் இரும்பு. பலகையைப் பிடிக்கும் ஆணி துத்தநாகப் பூச்சிட்ட இரும்பு. குளிர்நீர்க் குழாய் செம்பு. இவையனைத்தும் ஒரே உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. கடல்நீரில் இரும்புக்கும் வெண்கலத்துக்கும் இடையே ஏறக்குறைய 0.3 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு எழுகிறது. விளக்கு எரிய இது போதாது, ஆனால் சில பருவங்களில் ஓர் ஆணியைத் தின்ன இது போதும். பரப்பளவும் இங்கு முக்கியம். பெரிய வெண்கல விசிறியைச் சாஃப்டோடு பிணைக்கும் சிறு இரும்புச் சாவி மிக விரைவில் கரையும். ஆனால் பெரிய இரும்புத் தகட்டில் அறைந்த சிறு வெண்கல ஆணி தகட்டுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பதில்லை. எந்த உலோகம் என்பதைக் காட்டிலும் எது சிறியது என்பதே பல வேளைகளில் படகின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

உடைந்ததை ஒட்டும்போது மற்றொரு வகைச் சிக்கல் குறுக்கிடுகிறது. இரும்பு உருகுவது 1538 பாகை செல்சியஸில், செம்பு 1085இல், அலுமினியம் 660இல், துத்தநாகம் 420இல். இரும்பு உருகத் தொடங்கும் வெப்பத்தை எட்டுமுன்பே அலுமினியம் வழிந்தோடிவிடும். அதன்மேல் எப்போதும் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடுத் தோலோ 2000 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால், உள்ளே நீராக உருகியபோதும் வெளியே பை போல நின்று பற்றவிடாமல் தடுக்கும். வலிந்து இவ்விரண்டையும் உருக்கிச் சேர்த்தாலும் எல்லையில் கண்ணாடி போல நொறுங்கும் கலவைப் படலம் ஒன்று உருவாகி, முதல் அதிர்விலேயே பிளக்கும். துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்பைப் பற்றவைத்தால், துத்தநாகம் 907 பாகையில் ஆவியாகி வெண்புகையாக எழும். அதனைச் சுவாசித்த தொழிலாளிக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சு எரிந்துபோன அந்த இடத்திலேயே துருவும் முதலில் தொடங்கும்.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் பட்டறைகள் வழிகளைக் கண்டுகொண்டன. வெண்கல விசிறியின் இதழ் பாறையிலோ மணல்மேட்டிலோ இடித்து முறிந்தால், காஸ் தீயில் பித்தளைக் கம்பியை உருக்கி, வெங்காரம் தூவி, முறிந்த விளிம்பை வார்த்தெடுப்பது பழக்கமான வேலை. வெங்காரம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கரைத்து உருகிய பித்தளை படர வழிவிடுகிறது. கன்னார் பாத்திரம் ஒட்ட நெடுங்காலம் கையாண்ட அதே முறைதான் இது. எஃகையும் வெண்கலத்தையும் இப்பித்தளைப் பற்றினால் ஒட்ட இயலும், ஏனெனில் இங்கு அடியுலோகம் உருகுவதில்லை, இடையுலோகம் மட்டுமே உருகுகிறது. ஆனால் கடல்நீருக்குள் இயங்கும் பொருளில் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை மட்டும் மெல்ல உறிஞ்சிவிட, எஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்து, கையால் நொறுக்கத்தக்க, துளைகள் நிறைந்த செம்பு. வெளிப்பார்வைக்கு முழுமையாகத் தெரியும் பற்று ஒருநாள் சுமை ஏறியதும் உதிர்வதற்கு இதுவே காரணம். வெள்ளீயம் கலந்த வெண்கலத்துக்கு இக்குறை இல்லாததால், விசிறி வார்ப்புக்கு அது விரும்பப்படுகிறது. விலை மட்டுமே தடை.

உருக்காமல் சேர்ப்பது இன்னொரு வழி. பித்தளைத் தகட்டைத் தறையாணியால் இறுக்குவது, திருகாணியால் பூட்டுவது, இடையில் ரப்பரோ தார்த்துணியோ வைத்துத் தொடர்பைத் துண்டிப்பது ஆகியவை அலார்ம் கப்பலின் பழுப்புக் காகிதம் கற்பித்த பாடத்தின் வேறு வடிவங்களே. பட்டறைக்காரர் அக்கப்பலின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். எனினும் வெண்கலமும் இரும்பும் நேரே தொட்டால் இரும்பு போகும் என்பதைக் கரைந்த ஆணிகளைக் கையில் வைத்துக் கற்றவர் அவர். எளாவூருக்குத் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியும் தகடும் இழுக்கும் ஆலைகள் பெருகியபின் எஃகு மலிவாகக் கிடைத்தது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய துண்டின் கலவை இன்னதென்று வாங்கியவரோ விற்றவரோ அறியாததால், ஒட்டும் வேலையின் விளைவை முன்கூட்டிச் சொல்வது கடினமாயிற்று.

ஆய்வு நிறுவனங்களும் இச்சிக்கல்களில் கவனம் செலுத்தின. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் நல்க, 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைத் தன் முதன்மைத் துறைகளுள் ஒன்றாகக் கொண்டது. மண்டபத்தில் கடலோரச் சோதனைத் தளம் அமைத்து, உப்புக்காற்றில் எந்த உலோகம் எவ்வளவு கரைகிறது என்று அளந்தது. 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மரப்படகுகளின் அடிப்புறப் போர்வைக்குச் செம்பை விட மலிவான அலுமினியக் கலவைத் தகட்டையும், கரைந்து காக்கும் அலுமினியக் கட்டிகளையும் ஆராய்ந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்கக் கடல் திட்டம் 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியபோது, கரையேறும் படகுக்கென இயந்திரமும் சாஃப்டும் விசிறியும் ஒருங்கே மேலெழும் அமைப்பு ஒன்றை உருவாக்கியது. அலையில் கரையேறும்போது விசிறி மணலில் இடித்து முறியாமலிருப்பது அதன் நோக்கம். உடைந்தபின் ஒட்டுவதைப் பற்றி யோசித்த காலத்தில், உடையாதபடி செய்ய முயன்ற அறிவார்ந்த முயற்சியாக அது கருதத்தக்கது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள், ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றத்தை விரைவாக்கின. மரம் விலகியதால், ஆணி மரத்தைக் கூழாக்கும் தொல்லையும் விலகியது. ஆனால் கண்ணாடியிழை உடலில் பூட்டிய திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகு. அவை பிடிப்பவை துத்தநாகப் பூச்சிட்ட இரும்பு. பக்கத்தில் தொங்கும் வெளிப்பொருத்து இயந்திரத்தின் கால் அலுமினியக் கலவை. துருப்பிடிக்காத எஃகு தன் மேலுள்ள மெல்லிய காப்புத் தோலால் நிற்கிறது. அத்தோலைப் புதுப்பிக்க உயிர்வளி வேண்டும். சேற்றில் புதைந்தோ திருகாணிக்கும் தகட்டுக்கும் இடையிலான இடுக்கிலோ உயிர்வளி எட்டாதபோது, தோல் சிதைந்து ஊசித்துளைகள் விழும். பழவேற்காடு போன்ற ஆழமற்ற, சேறு மிகுந்த நீரில் நாள்கணக்கில் நிற்கும் படகுக்கு இது கடலில் நிற்கும் படகைக் காட்டிலும் பெரிய ஆபத்து. அலுமினியக் கால் முறிந்தால் ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறைக்குச் செல்ல வேண்டும். மந்த வாயு போர்த்தி, மின்னோட்டத்தைத் திசைமாற்றித் திசைமாற்றி ஆக்சைடுத் தோலைக் கிழித்து உருக்கும் இம்முறைக்கு வேண்டிய கருவிகள் ஊர்க் கொல்லுலையில் இல்லை. செம்பு கலந்த பாசி தடுப்புப் பூச்சை மர உடலுக்குப் பூசிய பழக்கத்தில் அலுமினியக் காலுக்கும் பூசினால், அலார்ம் கப்பலில் இரும்பு பட்ட பாட்டை இங்கே அலுமினியம் படும்.

இயந்திரத்தின் காலில் தயாரிப்பாளர் பொருத்தி அனுப்பும் சிறு துத்தநாகக் கட்டி இவ்வமைப்பில் மிக மலிவான பாகம். அது கரைவதற்காகவே வைக்கப்பட்டது என்று சொல்லித் தரப்படாத இடங்களில், அது துருவாகத் தோன்றி வண்ணம் பூசி மூடப்படுகிறது. வண்ணம் மூடிய துத்தநாகம் கரையாது. கரையாத துத்தநாகம் எதையும் காக்காது. காயலுக்கென்று மற்றொரு சிக்கலும் உண்டு. கடல்நீரில் நன்கு கரையும் துத்தநாகம், மழைக்கால நன்னீரில் தன்மேல் ஒரு வெண்படலத்தை வளர்த்துக்கொண்டு செயலிழக்கிறது. உவர்நீருக்கு அலுமினியக் கலவைக் கட்டிகளும், நன்னீருக்கு மக்னீசியக் கட்டிகளும் பொருந்துகின்றன. மக்னீசியமோ கடலில் மிக விரைவாகக் கரைந்து தீர்ந்துவிடும். மார்கழியில் ஏரியில் நின்று, பங்குனியில் முகத்துவாரம் கடந்து கடலுக்குச் செல்லும் ஒரே படகுக்கு, ஆண்டு முழுவதும் பொருந்தும் ஒற்றை உலோகம் இல்லை. ஏரி நீருக்கும் கடல் நீருக்கும் ஒருசேர ஓரளவு ஈடுகொடுக்கும் அலுமினியக் கலவைக் கட்டியே இக்கரைக்கு ஏற்றது. அதனை மழைக்கு முன்னும் கோடைக்கு முன்னும் ஆண்டுக்கு இருமுறை சுரண்டித் துலக்கிப் பார்ப்பதும், பாதி கரைந்ததும் மாற்றிவிடுவதும், அதன்மேல் வண்ணம் படாமல் காப்பதும் படகுக்காரரின் பொறுப்பில் விடப்பட்ட வேலைகள்.